கூட்டுறவின் கணக்கேடு: அமெரிக்க யூதரும் கறுப்பினத்தவரும்

1963 ஜனவரியில் சிகாகோ நகரில் ‘மதமும் இனமும்’ என்னும் பொருளில் ஒரு மாநாடு கூடிற்று. புராட்டஸ்டண்டு, கத்தோலிக்க, யூத சமயத் தலைவர்கள் ஒருங்கே அமர்ந்த அந்த அவையில் உரையாற்றியவர்களுள் ஒருவர் ரப்பி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல். 1907இல் வார்சாவில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1940இல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். தாயையும் சகோதரிகள் சிலரையும் ஐரோப்பாவில் பறிகொடுத்தவர். மதமும் இனமும் பற்றிய முதல் மாநாடு சிகாகோவில் கூடியதன்று, எகிப்தில் மூஸாவுக்கும் ஃபிர்அவ்னுக்கும் இடையே நடந்ததே என்று அவர் தம் உரையைத் தொடங்கினார். அந்தப் பேச்சுவார்த்தை முற்றுப்பெற்றுவிடவில்லை என்பதே அவர் சொல்ல வந்தது. மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைத் தொழுகையிலும் ஓதலிலும் கேட்டு வளர்ந்த நமக்கு இத்தொடக்கம் அந்நியமாகத் தோன்றாது.

இவ்வுரையின் உண்மையான கூர்மை அதன் உவமையில் இல்லை. அவ்வுவமையில் அவர் யாரை எங்கே நிறுத்தினார் என்பதில் இருக்கிறது. யூத சமயப் பேச்சாளர் ஒருவர் எகிப்தைக் குறிப்பிட்டால், அடிமைகளின் வரிசையில் தம் மக்களை நிறுத்துவதே வழக்கம். ஹெஷலோ அன்றைய அடிமைகளின் இடத்தில் அமெரிக்கக் கறுப்பினத்தவரை நிறுத்தினார். அப்படியானால் அவையில் அமர்ந்திருந்த யூதர்கள் எந்தப் பக்கம்? அதை அவர் வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டார். ஆனால் கேட்டவர்கள் தப்பிக்க இயலாதபடி விட்டார். முன்னோர் அடிமைகளாயிருந்தனர் என்பது பின்னோருக்குக் கிடைத்த நற்சான்றிதழ் ஆகிவிடாது, அது அவர்கள்மீது சுமத்தப்பட்ட பொறுப்பு என்பதே அவ்வுரையின் உட்பொருள் என்று நாம் வாசிக்கிறோம்.

அந்த உரைக்குப் பின்னாளில் நேர்ந்த கதி வேறு. 1965 மார்ச் 21 அன்று அலபாமாவின் செல்மாவிலிருந்து புறப்பட்ட வாக்குரிமைப் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் இருந்த முன்வரிசையிலேயே ஹெஷலும் நடந்தார். வெண்தாடி, கழுத்தில் மலர்மாலை. தீர்க்கதரிசியொருவர் ஓவியத்திலிருந்து இறங்கி வந்ததுபோன்ற தோற்றம். அந்தப் புகைப்படம் அமெரிக்க யூத நிறுவனங்களின் சுவர்களில் ஏறியது. ஆண்டறிக்கைகளிலும் பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற்றது. உரை கேட்ட கேள்வியைப் படம் மூடிவிட்டது. ‘நாங்கள் அங்கே இருந்தோம்’ என்று சொல்வதற்கு அது உதவிற்று. ஒருவர் நடந்தார் என்பதற்காக ஒரு சமுதாயமே நடந்ததாகக் கணக்கெழுதும் பழக்கம் நமக்கும் புதிதன்று.

கணக்கு என்ற சொல்லை நாம் வேண்டுமென்றேதான் ஆள்கிறோம். அமெரிக்காவில் யூதருக்கும் கறுப்பினத்தவருக்கும் இருந்த உறவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பற்று வரவுக் கணக்காகவே அமைந்துள்ளது. வரவுப் பக்கம் நீளமானது, பொய்யுமன்று. 1909இல் கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் தோன்றியபோது நிறுவனர்களுள் யூதர்களும் இருந்தனர். சியர்ஸ் வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், புக்கர் வாஷிங்டனுடன் இணைந்து தொடங்கிய திட்டத்தால் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழுந்தன. 1964 ஜூன் 21 அன்று மிசிசிப்பியில் வெள்ளை வெறியர்கள் கொன்று புதைத்த மூன்று இளைஞர்களில் ஆண்ட்ரூ குட்மேனும் மைக்கேல் ஷ்வெர்னரும் யூதர்கள். ஜேம்ஸ் சேனி கறுப்பினத்தவர்.

இந்த வரவுகளையே சற்று உற்று நோக்கினால் அவற்றுள் வேறு செய்திகளும் உறங்குவதைக் காணலாம். ரோசன்வால்டின் பள்ளிகளுக்கு உள்ளூர்க் கறுப்பின மக்களும் பணமும் உழைப்பும் தர வேண்டுமென்பது விதி. அந்த ஏழை விவசாயிகள் திரட்டிய தொகை கொடைவள்ளலின் நிதிக்குக் குறைந்ததன்று. எனினும் பள்ளிகள் அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. மிசிசிப்பியில் சேனி மட்டும் காணாமற் போயிருந்தால் நாடு திரும்பிப் பார்த்திருக்காது என்று ஷ்வெர்னரின் மனைவியே அன்று பத்திரிகையாளர்களிடம் கூறினார். தேடுதலின்போது வேறு கறுப்பின இளைஞர்களின் உடல்களும் அப்பகுதி ஆற்றிலிருந்து கிடைத்தன. அவர்களைத் தேடி எவரும் புறப்பட்டிருக்கவில்லை.

பற்றுப் பக்கத்தில் எழுதப்படாதவை பல. 1963 மே மாதம் பர்மிங்ஹாம் போராட்டத்துக்கு ஆதரவாக வடக்கிலிருந்து ரப்பிகள் 19 பேர் விமானமேறி வந்தபோது, திரும்பிச் செல்லுமாறு அவர்களை வேண்டிக்கொண்டவர்கள் அவ்வூர் யூதர்கள். இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. 1958 அக்டோபரில் அட்லாண்டாவின் யூத ஆலயம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டிருந்தது. அவ்வாலயத்தின் ரப்பி ஜேக்கப் ராத்ஸ்சைல்ட் இன ஒதுக்கலுக்கு எதிராகப் பேசிவந்தவர். 1967இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் ரப்பி பெரி நஸ்பாமின் ஆலயமும், பிறகு அவருடைய வீடும் குண்டுகளுக்கு இலக்காயின. கடைத்தெருவில் வெள்ளையரை நம்பிப் பிழைத்த சிறு கூட்டம் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. சிறுபான்மையினர் பெரும்பான்மையின் நிழலில் வாழ்வதற்குக் கொடுக்கும் விலை எதுவென்று இந்திய முஸ்லிம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அட்லாண்டாவிலேயே அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த ஒரு வழக்கு இந்தச் சிக்கலை வேறெதனினும் தெளிவாகக் காட்டுகிறது. 1913இல் ஒரு பென்சில் தொழிற்சாலையில் பதின்மூன்று வயதுப் பெண் தொழிலாளி கொலையுண்டாள். தொழிற்சாலையின் மேலாளர் லியோ ஃபிராங்க் என்ற யூதர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களுள் முதன்மையானவர் அங்கே துப்புரவுப் பணி செய்த கறுப்பினத்தவர். 1915இல் ஆளுநர் மரண தண்டனையைக் குறைத்தார். அதே ஆகஸ்டில் ஒரு கும்பல் சிறையிலிருந்து ஃபிராங்கைக் கடத்திச் சென்று மரத்தில் தூக்கிலிட்டது. ஃபிராங்க் நிரபராதி என்றே இன்றைய வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் கருதுகின்றனர். 1986இல் ஜார்ஜியா மாநிலம் அவருக்கு மன்னிப்பும் வழங்கிற்று. யூத நினைவில் இவ்வழக்கு அமெரிக்க யூத வெறுப்பின் அடையாளமாக நிலைத்துவிட்டது, அதற்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் வழக்குமன்றத்தில் ஃபிராங்கின் வழக்கறிஞர்கள் எப்படி வாதாடினார்கள்? வெள்ளை மனிதரின் சொல்லுக்கு எதிராகக் கறுப்பனின் சொல்லை எப்படி நம்பலாம் என்று கேட்டார்கள். சாட்சியின் நிறத்தைப் பழித்தார்கள், பொய்யும் கயமையும் அவன் இனத்தின் இயல்பு என்றார்கள். யூத வெறுப்புக்கு இரையாகிக்கொண்டிருந்த ஒருவரைக் காப்பதற்குக் கையிலெடுக்கப்பட்ட ஆயுதம் நிறவெறி. அந்த ஆயுதம் அன்று அவரைக் காக்கவுமில்லை.

கணக்கேட்டின் மறுபக்கத்தை எழுதிய மாபெரும் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். 1924இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். அமெரிக்க யூதக் குழு வெளியிட்ட ‘கமென்டரி’ இதழிலேயே 1948இல் ஹார்லெமைப் பற்றி எழுதியவர். 1967 ஏப்ரலில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் வாரச் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்திற்று. கறுப்பினத்தவரிடம் யூத வெறுப்பு இருப்பது அவர்கள் வெள்ளையரை வெறுப்பதனாலேயே என்பது அதன் தலைப்பின் சாரம். ஹார்லெமில் வீட்டு வாடகை வசூலிக்க வந்தவர் யூதர். கடனுக்குப் பொருள் தந்த மளிகைக்காரரும் அடகுக்காரரும் யூதர். அவர்கள் யூதராயிருந்ததால் அக்கொடுமையைச் செய்யவில்லை, அமெரிக்கர் செய்வதையே செய்தார்கள். ஆனால் அதைச் செய்துகொண்டே, நாமிருவரும் துன்பப்பட்டவர்கள் என்றும் சொன்னார்கள். பால்ட்வினுக்குப் பொறுக்கவில்லை இது. யூதர் பட்ட துன்பத்தை அவர் மறுக்கவில்லை. அத்துன்பம் நிகழ்ந்தது கடலுக்கு அப்பால்; அதிலிருந்து மீண்டவர்களுக்குப் புகலிடமாக அமைந்த நாடே தமக்குச் சிறைக்கூடமாயிருப்பதைப் பார்க்குமாறு கேட்டார்.

பால்ட்வினின் இப்பார்வைக்குப் பின்னாளைய ஆய்வுகள் வலுச் சேர்த்தன. கேரன் பிராட்கின் 1998இல் வெளியிட்ட நூல், யூதர்கள் அமெரிக்காவில் எவ்வாறு ‘வெள்ளையர் ஆனார்கள்’ என்பதைக் கூறுகிறது. பல்கலைக்கழகங்கள் இடஎண்ணிக்கை விதித்து யூதரைத் தடுத்த காலம் ஒன்றிருந்தது. வீட்டுப் பத்திரங்களில் யூதருக்கு விற்கலாகாதென்று நிபந்தனை எழுதிய காலமும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போர்வீரர்களுக்கான அரசு உதவிகளும் வீட்டுக் கடன்களும் யூதருக்குத் திறந்துவிடப்பட்டன, கறுப்பின வீரர்களுக்கு நடைமுறையில் அடைக்கப்பட்டன. 1947இல் தொடங்கப்பட்ட லெவிட்டவுன் என்னும் புறநகர்க் குடியிருப்பின் ஒப்பந்தமே வெள்ளையரல்லாதார் அங்கு வசிப்பதைத் தடைசெய்தது. அதனைக் கட்டியவர் வில்லியம் லெவிட், ஒரு யூதர்.

எனினும் பால்ட்வினின் கட்டுரையில் ஒரு குறை உண்டு. அதை அவருடைய மேதைமை மறைத்துவிடுகிறது. வாடகையையும் மளிகைக் கடனையும் கொண்டு யூத வெறுப்பை முழுவதும் விளக்கிவிட முடியுமென்று அவர் நம்பினார். வாடகை வசூலிக்க யூதர் எவரும் வராத ஊர்களிலும் அவ்வெறுப்பு தழைத்திருக்கிறதே? நிறவெறி ஒருவனைத் தனக்குக் கீழானவன் என்று இழிவுபடுத்துகிறது. யூத வெறுப்போ பெரும்பாலும் மேல்நோக்கியது. அது யூதனை மறைந்திருந்து ஆட்டிவைப்பவன், பணத்தின் அதிபதி, அரசுகளுக்குப் பின்னிருக்கும் கை என்று கற்பிக்கிறது. ஆகவே அது வெறுப்பாகத் தோன்றாமல் அநீதிக்கு எதிரான எழுச்சிபோலவே தோன்ற வல்லது. கறுப்பினச் செயற்பாட்டாளர் எரிக் வார்ட் 2017இல் எழுதிய கட்டுரையொன்று இதைத் துலக்கமாகக் காட்டியது. அவர் வெள்ளை இனவாதக் கூட்டங்களைப் பல்லாண்டு கவனித்து வந்தவர். கறுப்பினத்தவர் அறிவில் தாழ்ந்தவர் என்று நம்புகிற ஒருவனால், அவர்கள் குடியுரிமைப் போராட்டத்தில் வென்றதை விளங்கிக்கொள்ள முடிவதில்லை. பின்னாலிருந்து இயக்கிய தந்திரசாலி ஒருவன் அவனுக்குத் தேவைப்படுகிறான். அந்த இடத்தில் யூதனை வைக்கிறான். யூத வெறுப்பு நிறவெறிக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு நோயல்ல, வெள்ளை இனவாதத்தின் மூளையே அதுதான் என்பது வார்ட்டின் முடிவு. பால்ட்வினைப் படிப்பவர் வார்ட்டையும் சேர்த்துப் படிப்பது நலம்.

இனி 1967க்கு வருவோம். ஜூன் போர் முடிந்த சில வாரங்களில், வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழு என்னும் கறுப்பின இளைஞர் அமைப்பு தன் செய்தி மடலில் ஃபலஸ்தீன் பிரச்சினை பற்றி எழுதியது. ஃபலஸ்தீன மக்கள் நிலமிழந்த வரலாற்றை அமெரிக்கப் பொதுவாழ்வில் எவரும் பேசத் துணியாத நாளில் அவ்விளைஞர்கள் பேசினார்கள். அதற்காக நாம் அவர்களை மதிக்கிறோம். ஆனால் கட்டுரையோடு ஒரு கேலிச்சித்திரம் இருந்தது. தாவூதின் நட்சத்திரமும் டாலர் குறியும் பொறித்த கை ஒன்று கயிற்றைப் பிடித்திருக்கிறது. சுருக்கில் எகிப்தின் நாஸிரும் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியும். ஃபலஸ்தீனரின் இழப்பைச் சொல்வதற்கு டாலர் குறி எதற்கு? முஹம்மது அலியின் பட்டத்தைப் பறித்தவர்கள் யூதர்களா, அவரைப் போருக்கழைத்த அமெரிக்க அரசுக்குத் துணைநின்ற குத்துச்சண்டை ஆணையங்களா? ஒரு மெய்யான வழக்கு பொய்யான படத்தால் தோற்றது. எதிர்த்தவர்கள் கட்டுரைக்குப் பதில் சொல்லும் தேவையிலிருந்தே விடுபட்டார்கள். படத்தைக் காட்டினால் போதுமானதாயிருந்தது.

மறுபுறமும் பார்வை மங்கியது. ஃபிர்அவ்னைப் பற்றி அவ்வளவு துணிவோடு பேசிய ஹெஷல், அதே போருக்குப் பின் ஜெருசலம் சென்று வந்து இஸ்ரேலைப் பற்றி ஒரு நூல் எழுதினார், 1969இல் வெளிவந்தது. புனித நகரைக் கண்ட பரவசம் அதில் நிரம்பியிருக்கிறது. வியட்நாம் போரை எதிர்த்த அதே மனிதர், 1963இன் குரலை ஃபலஸ்தீனருக்காக அந்நூலில் உயர்த்தவில்லை. தீர்க்கதரிசிகளை ஆராய்ந்து பேரறிஞரானவரின் கண்ணும் சொந்த மக்களின் மகிழ்ச்சியில் மறைக்கப்படும் என்பதற்கு இதனினும் வருத்தந்தரும் சான்று வேறில்லை.

அந்த மாணவர் அமைப்பின் புகைப்படப் பிரிவில் பணியாற்றியவர் ஜூலியஸ் லெஸ்டர். பாதிரியாரின் மகனாக 1939இல் பிறந்தவர். 1968இல் நியூயார்க்கின் ஒரு வானொலியில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவ்வாண்டு நகரின் ஓஷன் ஹில் – பிரவுன்ஸ்வில் பகுதியில் பள்ளிகளின் நிருவாகம் சோதனை முயற்சியாகக் கறுப்பினப் பெற்றோரின் குழுவிடம் தரப்பட்டிருந்தது. குழு சில ஆசிரியர்களை இடம்மாற்ற, பெரும்பாலும் யூதர்களைக் கொண்ட ஆசிரியர் சங்கம் இலையுதிர் காலம் முழுவதும் நகரப் பள்ளிகளை வேலைநிறுத்தத்தால் முடக்கியது. இரு நியாயங்கள் மோதின. வேலைப் பாதுகாப்பு ஒன்று, தம் குழந்தைகளின் கல்வியைத் தாமே தீர்மானிக்கும் உரிமை மற்றொன்று. டிசம்பரில் அப்பகுதி ஆசிரியர் ஒருவர், மாணவி ஒருத்தி எழுதிய யூத வெறுப்புக் கவிதையை லெஸ்டரின் நிகழ்ச்சியில் வாசித்தார். வாசிக்கும்படி கேட்டவர் லெஸ்டர். வேலைநிறுத்தம் அக்குழந்தைகளின் நெஞ்சில் எதை விதைத்திருக்கிறது என்பதை நகரம் கேட்கட்டும் என்பது அவர் தந்த விளக்கம். யூத அமைப்புகள் வெகுண்டெழுந்தன. ஜெர்மனியில் யூதர் இருந்த இடத்தில் இங்கே இருப்பது நாங்களே என்று லெஸ்டர் வானொலியிலேயே விடையிறுத்தார்.

அதே லெஸ்டர் 1982இல் யூத சமயத்தைத் தழுவினார். 1988இல் வெளிவந்த ‘லவ்ஸாங்’ என்னும் தன்வரலாறு அந்தப் பயணத்தைச் சொல்கிறது. அவருடைய தாய்வழிப் பூட்டனார் அடால்ஃப் ஆல்ட்ஷூல் ஜெர்மனியிலிருந்து வந்து ஆர்கன்சாஸில் தலைச்சுமை வணிகம் செய்த யூதர். அடிமையாயிருந்து விடுபட்ட பெண்ணை மணந்தவர். யூதரின் மன்னிப்பு நாளின் மாலையில் பாடப்படும் ‘கோல் நித்ரே’ இசையைச் சிறுவயதிலேயே, அது என்னவென்று அறியாமல், பியானோவில் வாசித்ததை லெஸ்டர் நினைவுகூர்கிறார். யூத மரபில் சமயம் தழுவுவோர் இப்ராஹீமின் பிள்ளை என்றே பெயரிடப்படுவர். இவருக்கோ அது சடங்குப் பெயராக மட்டும் இல்லை, இரத்த உறவாகவும் இருந்தது.

இந்நூலைப் படிக்கும்போது கணக்கேடு கிழிவதை நாம் காண்கிறோம். பற்று வரவு எழுத இரு கட்சிகள் வேண்டும். இரு கட்சிகளும் ஒரே உடம்பில் குடியிருந்தால் யார் யாருக்குக் கடன்பட்டவர்? 1969இல் யூத அமைப்புகள் அவரை வானொலியிலிருந்து நீக்கக் கோரின. அவருடைய நூல் வெளிவந்த 1988இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க – அமெரிக்கவியல் துறைச் சகாக்கள் அவரைத் துறையிலிருந்து மாற்றக் கோரினர். இரண்டாவது மோதலின் மையத்தில் இருந்தவர் வேறு யாருமல்லர், பால்ட்வின். அங்கே 1984இல் அவர் ஆற்றிய உரையொன்றில் யூதரைப் பற்றிக் கூறியவை வெறுப்பைத் தூண்டுவன என்று லெஸ்டர் நூலில் எழுதியிருந்தார். பால்ட்வின் 1987 டிசம்பரில் மறைந்துவிட்டார்; மறுமொழி கூற அவர் இல்லை. சகாக்களின் சினத்துக்கு அதுவும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம். லெஸ்டர் யூதவியல் துறைக்கு மாறினார்.

‘லவ்ஸாங்’ குறையற்ற நூலன்று. ஆன்மாவின் தேடலைச் சொல்லும் பக்கங்களில் அதன் நடை தெளிந்த நீர்போல் ஓடுகிறது. பொதுவாழ்வின் பூசல்களுக்கு வரும்போது ஆசிரியர் தமக்குத் தாமே வழக்கறிஞராகிவிடுகிறார். அவரை மறுத்தவர்கள் முகமற்ற கூட்டமாகத் தெரிகிறார்கள். பெற்ற சமுதாயத்தின் நியாயங்களை முன்பு வானொலியில் அவ்வளவு உருக்கமாகப் பேசியவர், அவற்றை இங்கே முன்கூட்டியே தீர்ந்துபோனவையாக விட்டுவிடுகிறார். ஆனாலும் இந்தப் பொருள்பற்றி அறிஞர்கள் எழுதிய ஆய்வுகள் பலவற்றைவிட இந்நூலையே நாம் முதலில் பரிந்துரைப்போம். ‘யூதர் – கறுப்பினத்தவர் உறவு’ என்ற தொடரே இடையிலுள்ள ஒரு கோட்டை நம்பி நிற்கிறது. அக்கோட்டின்மேலேயே வாழ்ந்த ஒருவரின் சாட்சியம் இது.

தமிழ் முஸ்லிம் வாசகருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். கறுப்பின விடுதலையின் பெயராலும் இஸ்லாத்தின் பெயராலும் பேசிய ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கம் 1991இல் ஒரு நூலை வெளியிட்டது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தை யூதர்களே முன்னின்று நடத்தினர் என்பது அதன் வாதம். அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 1995இல் இதைப் பொய்யென அறிவித்தது. எலி ஃபேபர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளின் ஆவணங்களைக் கொண்டே யூதர் பங்கு மிகச் சிறிதென்று காட்டிற்று. அடிமை வணிகத்தில் யூதர் சிலர் ஈடுபட்டனர் என்பது உண்மை, கிறித்தவரும் முஸ்லிம்களும் ஈடுபட்டதுபோலவே. இந்நூலின் வாதம் ஆதாரம் கேட்கப்படாமல் கைமாறி வந்திருக்கிறது. தமிழிலும் ‘இஸ்ரேல் அரசு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘யூதன்’ என்று ஒருமையில் எழுதும் வழக்கம் மேடையிலும் துண்டறிக்கையிலும் உண்டு. உலகச் செய்தி நிறுவனங்களையும் வங்கிகளையும் ‘அவர்கள்’ ஆட்டிவைக்கிறார்கள் என்னும் பேச்சைக் கேட்கும்போது நமக்கு 1967இன் அந்தச் சித்திரமே நினைவுக்கு வருகிறது. டாலர் குறியை நீக்கிவிட்டால் ஃபலஸ்தீனரின் வழக்கு வலுவிழக்குமா? வலுப்பெறும் என்பதே நம் துணிபு.

அப்பேச்சு பேச்சாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 2022 ஜனவரி 15 அன்று டெக்சாஸின் காலிவில் ஊரில் முஸ்லிம் ஒருவர் யூத ஆலயத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து, தொழுதுகொண்டிருந்தவர்களைப் பணயம் பிடித்தார். அமெரிக்கச் சிறையிலிருக்கும் ஆஃபியா சித்தீகியின் விடுதலை அவர் கோரிக்கை. ஒரு சிற்றூர் ரப்பி அமெரிக்க அரசை அசைக்க வல்லவர் என்று அவர் மெய்யாகவே நம்பினார்.

வெள்ளை இனவாதியின் பட்டியலில் யூதரும் முஸ்லிமும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றனர் என்பதையும் மறக்கலாகாது. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், அகதிகளைக் குடியேற்ற உதவும் யூத நிறுவனத்தின்மீது சினங்கொண்டிருந்தவன். அப்போது அமெரிக்க முஸ்லிம்கள் இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் திரட்டி அக்குடும்பங்களுக்கு அளித்தனர். 2019 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பவே ஆலயத்தில் சுட்டவன், அதற்கு முந்திய மாதம் எஸ்கொண்டிடோ நகரப் பள்ளிவாசலுக்குத் தீ வைத்தவன்.

2016இல் கறுப்பின அமைப்புகளின் கூட்டணி வெளியிட்ட கொள்கை அறிக்கை, ஃபலஸ்தீனர்மீது இஸ்ரேல் நடத்துவது இனப்படுகொலை என்று குறிப்பிட்டபோது, யூத நிறுவனங்கள் பல விலகி நின்றன. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்குப் பின், 600க்கு மேற்பட்ட யூத அமைப்புகள் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் முழுப்பக்க ஆதரவு அறிக்கை வெளியிட்டன. 2023 அக்டோபருக்குப் பிறகு மீண்டும் பிளவு. இம்முறை அது யூதக் குடும்பங்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அந்த அக்டோபர் 27 அன்று நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை நிறைத்துக் காஸாவில் போர்நிறுத்தம் கோரியவர்களுள் பெரும்பாலோர் யூதர்கள், நூற்றுக்கணக்கில் கைதானார்கள். அவர்களின் பெற்றோரோ, தங்கள் ஆலயங்கள் தாக்கப்படும் வேளையில் பிள்ளைகள் எதிரியோடு சேர்ந்துவிட்டதாக எண்ணினர். இரு சாராரும் ஹெஷலின் அதே புகைப்படத்தையே உயர்த்திப் பிடிப்பதில் நமக்கு வியப்பில்லை.

நிறம் யூத சமுதாயத்துக்கு உள்ளேயே ஒரு கேள்வி என்பதை அறிய நாம் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. அண்டையிலுள்ள கொச்சியில், 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஆலயத்தில், அடிமைகளின் வழிவந்தோர் எனக் கருதப்பட்ட யூதர்கள் உள்ளே அமர அனுமதிக்கப்படவில்லை. அவ்வழியில் 1882இல் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம், காந்தியின் சத்தியாகிரக முறையைத் தம் சொந்த மதத்தாரிடமே கையாண்டு அந்த வழக்கத்தைத் தளர்த்தினார். யூத வெறுப்பு ஏறக்குறைய அறியப்படாத மண்ணில் நடந்தது இது. வெளியே எதிரி இருந்ததால் உள்ளே ஒதுக்கினோம் என்று சொல்ல அங்கே வழியில்லை.

அமெரிக்காவில் அந்தக் காரணம் கையிலிருக்கிறது, அது பொய்யான காரணமும் அன்று. பியூ ஆய்வு நிறுவனம் 2020இல் எடுத்த கணக்கின்படி அமெரிக்காவில் வயதுவந்த யூதருள் 92 சதவீதத்தினர் தம்மை வெள்ளையர் என்கின்றனர். எஞ்சிய 8 சதவீதத்தினர் கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் அமெரிக்கர், பல இனங்களின் வழிவந்தோர். பிட்ஸ்பர்க்குக்குப் பின் ஆலயங்களின் வாயிலில் ஆயுதமேந்திய காவலர் நிற்கின்றனர். கறுப்பின யூதர் பலருக்கு அந்தக் காவலரே அச்சத்தின் காரணம். சபாத் தொழுகைக்கு வரும் வெள்ளை நிற விருந்தினரை வரவேற்று உள்ளே விடும் வாயில், பரம்பரை யூதரான கறுப்பரை நிறுத்தி, எதற்காக வந்தீர்கள் என்று கேட்கிறது. காவலரை நீக்குங்கள் என்று ஒரு சாராரும், நீக்கினால் எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்று மற்றொரு சாராரும் கேட்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.